மூன்றாம் மாடி ஃபியூஸ் கட்டை

முதல் அடி மூக்கில் விழுந்தது. மலர்வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிணவறை வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசருக்குத் தடுப்பதற்கு ஒரு கைகூட மிச்சமில்லை. இரண்டாவது அடி வாயில் விழுந்தது. வளையம் கீழே விழ, அதன் மேலேயே அவரும் விழுந்தார். வெள்ளைப் பூக்களில் ரத்தம் சொட்டியது.

"பூவா கொண்டாந்த? எங்க மச்சானைக் கொன்னுட்டுப் பூவா கொண்டாந்த?" என்று கேட்டுக் கேட்டு மிதித்தான் செத்தவருடைய பெண்டாட்டியின் தம்பி.

அவள் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் நாலு போடு என்றுதான் அவள் மனதில் இருந்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நேற்றுக் காலையில் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே படியிறங்கிப் போன புருஷனை இன்றைக்குப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"நான் போடலீங்க... சத்தியமா நான் போடலீங்க..." சூப்பர்வைசர் ஒரு பல்லைத் துப்பினார்.

அவர் அந்த ஐந்து மாடிக் கட்டடத்துக்குச் சூப்பர்வைசர். கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள். கட்டடம் முழுக்கக் கூரையில் பழைய சி.எஃப்.எல். விளக்குகள். அத்தனையையும் கழற்றி, கூடவே இருக்கும் சோக்கையும் வெட்டியெறிந்துவிட்டு, எல்.இ.டி. பல்புக்கு நேராக லைன் கொடுக்கும் வேலையை எடுத்திருந்தது அவள் புருஷனின் செட்டு. பழைய விளக்கைப் போட்டால் அது சோம்பல் முறித்து எழுந்து முழு வெளிச்சம் கொடுப்பதற்குள் தேடின சாமான் கையிலேயே கிடைத்துவிடும் என்று புருஷன் சிரிப்பார். புதுசு அப்படியில்லை, தட்டினால் பளிச்சென்று முழித்துக்கொள்ளும்.

தொழிலில் அவருக்கு டெஸ்டர் என்று பெயர். பெண்டாட்டி கையைப் பிடிப்பதற்கு முன்னால்கூட டெஸ்டர் வைத்துப் பார்க்கிற ஆள் என்று செட்டில் ஓட்டுவார்கள். மற்றவர்கள் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, போர்டின் தலையிலேயே வைத்துவிட்டு ஏணி ஏறுவார்கள். அவர் மட்டும் அந்தப் பீங்கான் கட்டையைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார்.

"கட்டை எங்கிட்ட இருக்கிற வரைக்கும் எவனும் லைனைக் குடுக்க முடியாது பாரு. என் உசுரு என் பாக்கெட்டுல."

"உசுரு இருக்கட்டும், பாக்கெட்டு கிழியுதே" என்று திட்டிக்கொண்டே அவள் எல்லாச் சட்டைக்கும் பாக்கெட்டில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருந்தாள்.

பிளாஸ்டிக் பைக்குள் அந்தச் சட்டை இருந்தது. டாக்டர்கள் கத்திரியால் நடுவில் வெட்டியிருந்தார்கள். பாக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டை அதற்குள் பத்திரமாக இருந்தது. அப்படியானால் அவர் ஏணி மேல் வெறும் கம்பியைப் பிடித்திருந்த நேரத்தில் யாரோ காலி இடத்தில் வேறெதையோ செருகி லைனைக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் என்று நேற்று சாயந்தரமே தம்பி சொல்லிவிட்டான். "மத்தியானத்துக்குள்ள லைட்டு வேணும், லைட்டு வேணும்னு அந்தச் சூப்பர்வைசருதான்க்கா குதிச்சுட்டிருந்தான். போர்டு ரூம் சாவியும் அவன்கிட்டதான். மச்சான் மேல இருக்காருன்னு தெரிஞ்சே போட்டுட்டான்க்கா." சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அவள்தான் பிடித்து இழுத்தாள். அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவளுக்கென்று பிள்ளை கிடையாது, பிள்ளையும் அவன்தான். அவன் சொன்னால் அவளுக்கு அது சத்தியம்.

புருஷனின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. இவ்வளவு நேரம் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் வந்து, கீழே கிடந்தவரைச் சட்டையோடு கொத்தாகத் தூக்கினார்.

"இங்க வேணாம்டா. ஆஸ்பத்திரி இது. என் தம்பி எந்த வாசல்ல செத்தானோ அந்த வாசல்ல வச்சுக் கேப்போம். இவனையும் வண்டில ஏத்து."

---

வேனுக்குள் நடுவில் பெட்டி. தலைமாட்டில் அவள், கால்மாட்டில் தம்பி. தம்பியின் முழங்கால்களுக்கு நடுவே தரையில் சூப்பர்வைசர். முன் சீட்டில் லாரிக்காரர், டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் செட்டு ஆட்களும் சொந்தக்காரர்களும் இரண்டு வண்டிகளில் வந்தார்கள்.

வேன் திரும்பும் இடங்களிலெல்லாம் பெட்டி நகர்ந்தது. இந்தப் பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் தம்பி இடது கையால் பிடித்துக்கொண்டான். அவனுக்கு எல்லாமே இடது கைதான். செட்டில் லெஃப்ட்டு என்று கூப்பிடுவார்கள். சாப்பிட மட்டும் வலது கை, அதுவும் சின்ன வயதில் அவள் அடித்துப் பழக்கியது.

"அம்மா" என்றார் சூப்பர்வைசர். வாய் வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. "நான் கீழ துணிக்கடையில இருந்தேம்மா. சத்தம் கேட்டுத்தான் மேல ஓடினேன். மெயினை ஆஃப் பண்ணி, போர்டு ரூமைப் பூட்டினேன். அவ்வளவுதாம்மா நான் செஞ்சது. உள்ள ஃபியூஸ் எடத்துல ஒரு கம்பி மாட்டியிருக்கு. விசாரணைக்கு ஆள் வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு போலீசு சொல்லிட்டுப் போச்சு. நீங்களே வந்து பாருங்கம்மா."

தம்பியின் முழங்கால் அவர் தாடையில் இடித்தது. "வாய மூடு!"

"அடிச்சா அடிங்க. ரூமைப் பாருங்க." சூப்பர்வைசர் பேன்ட் பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார்.

தம்பி பாய்ந்தான். பெட்டியை விட்டுவிட்டு இடது கையால் அந்தச் சாவியைப் பிடுங்கப் போனான். அந்த நேரம் பார்த்து வேன் திரும்பியது. பெட்டி சரிந்து அவன் முழங்கையில் மோத, சாவி தரையில் விழுந்து அவள் காலடிக்கு வந்தது. அவள் எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட குடுக்கா. நான் பாத்துக்கறேன்."

"இருக்கட்டும்."

"நீ எதுக்குக்கா அங்கெல்லாம்? அவரு விழுந்த எடத்தைப் பாத்தா உனக்குத் தாங்காது. சொன்னாக் கேளு."

"பெட்டியப் பிடிடா முதல்ல" என்றாள் அவள்.

பிடித்தான். அவன் உதடு உலர்ந்திருந்தது. அழுகிற பிள்ளையின் முகமாகத்தான் அது அவளுக்குத் தெரிந்தது. இரக்கமாகவும் இருந்தது. ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை.

---

கட்டடத்து வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும் லாரிக்காரர் சத்தம் போட்டார். "முதலாளி எவன்டா? வெளிய வாடா!" முதலாளி எந்த ஊரில் இருந்தானோ, யாரும் வரவில்லை. உள்ளே இருந்த வாட்ச்மேன் கண்ணாடிக் கதவைத் தாழ்போட்டான். அதுதான் அவன் செய்த தப்பு. லாரிக்காரர் வேனிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து ஓங்கினார். கதவு முழுசாக உதிர்ந்தது.

அதற்குப் பிறகு யார் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் வரவேற்பு மேஜையைத் தூக்கிப் போட்டார்கள். நாற்காலிகள் பறந்தன. வாட்ச்மேன் மாடிப்படிக்குக் கீழே பதுங்கினான், அவனையும் இழுத்துப் போட்டு உதைத்தார்கள். யாருக்கும் அவன் மேல் கோபமில்லை, கைக்குக் கிடைத்தான், அவ்வளவுதான். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளிருந்தே கத்தினார்கள். சூப்பர்வைசரைத் தம்பி முடியைப் பிடித்து வாசல் படியில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து குத்தினான்.

கூடத்தின் மூலையில் கழற்றின பழைய சி.எஃப்.எல். விளக்குகள் அட்டைப் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி அடுக்குவது அவள் வேலை. நேற்று முன்தினம்கூட வந்து அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். சொந்தக்காரன் ஒருவன் அந்தப் பெட்டியைக் கவிழ்த்து, விளக்குகளை எடுத்துச் சுவரில் எறிய ஆரம்பித்தான். பட் பட்டென்று வெடித்தன. வெள்ளைத் தூள் பறந்தது.

"உடைக்காதீங்கடா! உள்ள பாதரசம்டா!" என்று கத்தினாள் அவள்.

புருஷன் சொல்லிச் சொல்லி அவள் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு பாதரசத்துக்குக் கத்துகிறோமே என்று அவளுக்கே தோன்றியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறினாள். பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "அக்கா, போகாதக்கா! யாராச்சும் அக்காவைப் பிடிங்க!" பிடிக்க ஆள் இல்லை. ஆளாளுக்கு உடைப்பதற்கு ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

மூன்றாம் மாடி வராந்தாவில் ஏணி இன்னும் சாய்ந்து கிடந்தது. அதற்கு மேலே கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கின. தரையில் அவருடைய ஒற்றைச் செருப்பு. அவள் அங்கே நிற்கவில்லை. நின்றால் உட்கார்ந்துவிடுவோம் என்று தெரியும்.

பக்கத்திலிருந்த போர்டு ரூமைச் சாவி போட்டுத் திறந்தாள், உள்ளே இருட்டாக இருந்தது. கைபேசி வெளிச்சத்தை அடித்தாள். பழைய கட்டடம், பழைய போர்டு. வரிசையாகப் பீங்கான் கட்டைகள். சில இடங்களில் கட்டை உடைந்துபோய், அதற்குப் பதில் கம்பியையே முறுக்கி இரண்டு பக்கமும் மாட்டியிருந்தார்கள். அதையெல்லாம் பார்த்துவிட்டுப் புருஷன் தலையில் அடித்துக்கொண்டதை அவளிடம் சொல்லியிருக்கிறார். போர்டின் கீழ் வரிசையில் ஒரு கம்பி மட்டும் புதிதாகப் பளபளத்தது.

மெயின் ஆஃபில் இருக்கிறதா என்று பார்த்தாள். அவருடைய பெண்டாட்டி அவள், பார்க்காமல் கையை வைக்க மாட்டாள். பிறகு கம்பியை உருவினாள். கையோடு கொண்டுவந்த பிளாஸ்டிக் பையிலிருந்து கட்டையை எடுத்து அந்தக் காலி இடத்தில் வைத்து அழுத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. இந்த இடம்தான். மறுபடி பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் கம்பியை வெளிச்சத்தில் பார்த்தாள்.

இரட்டையாக மடித்து முறுக்கின செம்புக் கம்பி. முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. நுனியில் சின்னதாக ஒரு வளையம், அது உள்பக்கம் மடித்துவிட்டிருந்தது. கை கிழிக்காமல் இருக்க நுனியை மடிடா என்று அவள்தான் தம்பிக்குச் சொல்லியிருந்தாள். வீட்டில் மிச்சக் கம்பிகளைப் பிரித்து நீட்டி வைக்கும்போது இந்த முறுக்கு வந்தால் அவளுக்கு எரிச்சலாக வரும், மற்ற முறுக்கைப் பிரிக்கிற பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். "உன் தம்பி போட்ட முடிச்சு. ஊரே முறுக்குற பக்கம் திருப்பினாத்தான் பிரியும்" என்று புருஷன் சிரிப்பார்.

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கீழே கண்ணாடி உடைந்துகொண்டிருந்தது. அந்தக் கம்பியை வராந்தா ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட்டால் போதும், அவளுக்கு ஒரு தம்பி மிஞ்சுவான். சூப்பர்வைசர் யாரோ ஒருவர். அவருக்கும் பெண்டாட்டி இருப்பாள். இருந்தால் என்ன, தனக்கும்தான் புருஷன் இருந்தார். இப்படியெல்லாம் யோசித்தாள். கையிலிருந்த பீங்கான் கட்டை சில்லென்றிருந்தது.

வராந்தா ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் படியிறங்கினாள்.

---

வாசலில் சூப்பர்வைசர் கையை உயர்த்துவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தார். தம்பியின் கையில் இப்போது ஜாக்கிக் கம்பி இருந்தது. அவன் அதைத் தலைக்கு மேல் ஓங்கியிருந்தான். லாரிக்காரர் பக்கத்தில் நின்று "போடு" என்றார்.

அவள் நடுவில் போய் நின்றாள். கம்பி அவள் தோளை உரசிக்கொண்டு நின்றது.

"தள்ளுக்கா!"

"அதைக் கீழ போடு."

"இவன்தான்க்கா மச்சானை..."

"கீழ போடுடா. இந்தா, இதைப் பிரி."

செம்புக் கம்பியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான். ஜாக்கிக் கம்பி கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்து உருண்டது.

"என்னம்மா அது?" என்றார் லாரிக்காரர்.

"மேல மாட்டியிருந்த கம்பி, மாமா. ஏணி, நீ வா. நீ பிரி பாக்கலாம்."

ஏணி என்பது செட்டில் உயரமான ஆளின் பெயர். அவன் வந்து கம்பியை வாங்கி, தன் வழக்கப்படி திருப்பினான். இறுகியது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். அதற்கு மேல் திருப்பாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியது. தொழில் தெரிந்த மற்ற இரண்டு பேரும் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள்.

"இப்ப நீ" என்று தம்பியிடம் கொடுத்தாள்.

அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். ஆனால் கை வாங்கிக்கொண்டது. அக்கா ஒன்றைக் கொடுத்தால் வாங்கிப் பழகின கை. இடது கை விரல்கள் நுனி வளையத்தைத் தேடிப் பிடித்து ஒரு சுண்டு சுண்டின. முறுக்கு கலகலவென்று பிரிந்து இரண்டு நேர்க்கம்பியாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே அவன் மண்டியிட்டான்.

"உடைஞ்ச கட்டைன்னு நெனச்சேன்க்கா. அந்த வரிசையில முன்னாடியே ரெண்டு கட்டை உடைஞ்சு, கம்பிதான் போட்டிருந்துச்சு. போர்டு மேல பாத்தேன், கட்டை இல்ல. மச்சான் நாலாம் மாடியிலன்னு நெனச்சேன்க்கா. அவரு மூணாவதுக்கு வந்தது எனக்குத் தெரியாதுக்கா..."

"எதுக்கு வந்தாரு?"

ஏணிதான் சொன்னான். "வராந்தாவுல இவன் ஒரு லைட்டை மாட்டாம விட்டுட்டுப் போயிருந்தான்க்கா. அண்ணன் அதைப் பாத்துட்டு, அவன் பாட்டுக்கு இருக்கட்டும், நானே மாட்டிடறேன்னு எறங்கி வந்தாரு."

அவள் தம்பியை அறைந்தாள். ஒரு அறை இல்லை. கை வலிக்கும்வரை அறைந்தாள். தெரியாமல் செய்ததற்கு இல்லை. தெரிந்த பிறகு ஒரு ராத்திரி முழுக்க அவள் மடியில் தலை வைத்து இன்னொருத்தன் பெயரைச் சொன்னானே, அதற்கு. அவன் முகத்தை மறைக்கவேயில்லை.

அதற்குள் லாரிக்காரருக்கு விஷயம் இறங்கிவிட்டது. அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, தம்பியின் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் படியின் விளிம்பில் வைத்தார். பூட்ஸ் காலைத் தூக்கி மிதித்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. தம்பி அலறினான். அவர் காலை மறுபடி தூக்கி மறுபடி மிதித்தார். ஜாக்கிக் கம்பிக்காகக் குனிந்தார்.

முதல் மிதியில் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாவதில் அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

"போதும் மாமா."

"உன் தம்பின்னு பாக்கறியா?"

"ஆமா." அவள் ஜாக்கிக் கம்பியின் மேல் காலை வைத்துக்கொண்டாள். "உங்க தம்பி வெயில்ல கிடக்காரு. அதையும் பாருங்க."

லாரிக்காரர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். காலையிலிருந்து அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. மூடி மேலெல்லாம் கண்ணாடித் தூள். அவ்வளவு பெரிய உடம்பு படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதது.

அவள் சூப்பர்வைசர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது, மறு கண்ணால் அவளைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டுத் தீர்கிற கணக்காகவும் அது இல்லை. கைக்குட்டையை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொன்னாள். சாவியையும், பிரிந்து கிடந்த கம்பியையும் அவர் கையில் வைத்து விரலை மூடினாள்.

"போலீசு கேட்டா குடுங்க. யாரு போட்டதுன்னு சொல்லுங்க. அடக்கம் முடிஞ்சதும் நானே அவனைக் கூட்டிட்டு வரேன்."

செட்டு ஆட்கள் வந்து பெட்டியைத் தூக்கினார்கள். வேனில் ஏற்றுவதற்கு முன் அவள் மூடியை விலக்கச் சொல்லி, கட்டையை உள்ளே வைத்தாள். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட சட்டைக்குப் பாக்கெட் இல்லை. மடித்திருந்த கைக்குள் வைத்தாள்.

தம்பி படியிலேயே கிடந்தான். கை வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது.

"ஏறு" என்றாள் அவள்.

"இவன் என் தம்பி வண்டில ஏறக் கூடாது" என்றார் லாரிக்காரர், படியிலிருந்து எழாமலேயே.

"கண்ணு முன்னால இருக்கட்டும் மாமா. ஏறுடா."

அவன் ஒற்றைக் கையால் பற்றிக்கொண்டு ஏறினான். யாரும் கை கொடுக்கவில்லை. பழையபடி அவன் கால்மாட்டில் உட்கார்ந்தான், அவள் தலைமாட்டில். கதவைச் சாத்தினார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தெருமுனையில் வேன் திரும்பியது. பெட்டி நகர்ந்தது. இந்தப் பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவன், வலது கையால்.